விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்

கொடுமுடிப் பக்கம் பிறந்து காங்கேயம் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 58. திருமணம் 1987-ல். அப்பா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்; உயில் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. காலிங்கராயன் பாசனத்தில் மொத்தம் 4.80 ஏக்கர் பூமி. அதில் 3.20 ஏக்கர், 1974-ல் அப்பாவும் பெரியப்பாவும் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் வந்த பாட்டன் சொத்து. மீதி 1.60 ஏக்கர், அப்பா மஞ்சள் விற்ற காசில் கிரயம் வாங்கியது. அம்மாவுக்கு 79 வயது. தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். பண்ணையம் பார்ப்பது தம்பிதான். அண்ணனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. தொழிலுக்கு பேங்க் லோன் வேண்டுமாம்.

அந்த அண்ணன், சொத்தில் உள்ள பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் ஒன்றின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “வர்ற வளர்பிறையில பதிவு வெச்சுக்கலாம், ஆதாரோட வந்துரு அம்மிணி” என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் அதேபோல ஒன்று தயாராக இருக்கிறது. இரண்டும் அண்ணன் பெயருக்கு மட்டும். தம்பிக்கு விஷயம் தெரியுமா என்று வாசகிக்குத் தெரியவில்லை. “பொறந்தவனுக்கு விட்டுக்குடுக்காம வேற யாருக்கு விட்டுக்குடுக்கப் போறே? லோன் முடிஞ்சதும் உன்ற பங்கை உனக்கே எழுதிர்றேன்” என்பது அண்ணனின் வாக்கு.

வாசகி கேட்பது இது: “பத்திரத்தில் ‘விட்டுக்கொடுத்து’ என்று போட்டிருக்கிறது. இது இப்போதைக்கு விடுவதா, ஒரேயடியாக விடுவதா? 89-க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குப் பாத்தியமே இல்லை என்கிறார்கள், சீரும் செய்தாகிவிட்டது. அப்படியென்றால் என் கையெழுத்து எதற்கு? 2011-ல் அப்பா சொன்னதற்காக 20 ரூபாய் பத்திரத்தில் ‘சொத்தில் பாத்தியம் இல்லை’ என்று ஒரு கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் மூன்று வருடத்துக்குள் ரத்து செய்துகொள்ளலாம் என்று பத்திரம் எழுதுபவர் சொல்கிறார். என் மகனோ, தனக்கும் பங்கு இருக்கிறது, அவன் சம்மதமில்லாமல் நான் கையெழுத்து போட முடியாது என்கிறான். எனக்கு நிலம் வேண்டாம், பிறந்த வீட்டு வாசல் வேண்டும்.”

அம்மா, உங்கள் கடிதத்தில் கடைசிக் கேள்விகளை விட முதல் கேள்விதான் பெரியது. அதிலிருந்தே வருகிறேன்.

நம் பேச்சில் ‘விட்டுக்கொடு’ என்பதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. வரப்புத் தகராறில் “ஒரு அடி விட்டுக்கொடுத்துப் போ” என்றால் பெருந்தன்மையாக இரு என்று பொருள். தண்ணீர் முறையில் “இந்த வாரம் எனக்கு விட்டுக்கொடு” என்றால் அடுத்த வாரம் உனக்கு என்று அதிலேயே அடங்கியிருக்கிறது. “என்னை விட்டுக்கொடுத்துடாதே” என்று அதே அண்ணன் சொன்னால், நாலு பேர் நடுவில் கைவிட்டுவிடாதே என்று அர்த்தம். வீட்டில் இந்தச் சொல்லுக்குக் கால வரம்பும் பதில் மரியாதையும் சொல்லாமலே சேர்ந்து வருகின்றன. இன்று நீங்கள் விடுவீர்கள், நாளை அவர் விடுவார்.

பத்திரத்தில் அந்தச் சொல்லுக்கு இப்படி எந்த நெகிழ்வும் இல்லை. நீங்கள் அனுப்பிய நகலில் உள்ள வரியைப் பாருங்கள்: “மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாக பாத்தியதைகளையும் தங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலை செய்திருப்பதால், இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி மேற்படி சொத்தில் எனக்காவது என் வாரிசுகளுக்காவது எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.” இதில் ‘விட்டுக்கொடுத்து’ ஒரு பக்கம் இருக்கட்டும். ‘சகல’, ‘இன்று முதல்’, ‘வாரிசுகளுக்காவது’, ‘பின்தொடர்ச்சி இல்லை’ ஆகிய நான்கும்தான் கதவைச் சாத்துகிற சொற்கள். பதிவு முடிந்த நிமிடத்தில் உங்கள் பங்கு அண்ணனுடையது. அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், தன் பிள்ளைகளுக்கு எழுதலாம். உங்களைக் கேட்க வேண்டியதில்லை. லோன் என்ற சொல்லோ, திருப்பித் தருவது என்ற பேச்சோ அந்த நகலில் எங்கேயும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆக, ஒரேயடியாக விடுவதுதான்.

திருப்பி எழுதித் தருவதாக அண்ணன் சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். மனதார அப்படி நினைத்தே கேட்கலாம். ஆனால் நிலம் பேங்க்கில் அடமானத்தில் இருக்கும் வரை அவர் நினைத்தாலும் தடங்கலில்லாமல் திருப்பித் தர முடியாது. தொழில் நொடித்தால் ஏலத்துக்கு வரும் பூமியில் உங்கள் பங்கும் சேர்ந்தே போகும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாக்குக் கொடுக்காத அவர் மனைவி மக்களிடம்தான் நீங்கள் போய் நிற்க வேண்டியிருக்கும்.

உங்களிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது

“பாத்தியமே இல்லை என்றால் கையெழுத்து எதற்கு?” என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள். சரியான கேள்வி. பாத்தியம் இருப்பதால்தான் கையெழுத்து கேட்கிறார்கள்.

1989 என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால், தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் 25-3-1989 முதல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் திருமணமான மகள்களுக்கு அந்தத் திருத்தம் பிதுரார்ஜித (பாட்டன் வழி) சொத்தில் பங்கு தரவில்லை. ஊரில் பலர் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். அதற்குப் பிறகு நாடு முழுவதற்கும் பொருந்தும் மத்தியத் திருத்தம் 9-9-2005-ல் வந்தது. திருமணமானவள், ஆகாதவள் என்ற பேதமே அதில் கிடையாது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை, 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதுகூடப் பொருட்டல்ல. முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. 20-12-2004-க்கு முன்பே அப்பாவும் மகன்களும் பதிவு செய்த பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் உங்கள் மகனே வீட்டிலிருந்து எடுத்துவிடுவார். அப்பா யாருக்காவது செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதியிருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

சீர் விஷயம். கொங்கு நாட்டில் மகளுக்குச் செய்கிற சீர் சின்னது இல்லைதான். நகை, பாத்திரம், கல்யாணச் செலவு, அப்புறம் பிள்ளைகளுக்குக் காது குத்து முதல் தாய்மாமன் சீர் வரை வந்துகொண்டே இருக்கும். இதை எல்லாம் உங்கள் அண்ணன் தம்பி மனதாரச் செய்திருப்பார்கள், அதற்கு நன்றியோடு இருப்பதும் முறை. ஆனால் சீர் வாங்கியதால் வாரிசுரிமை தீர்ந்துவிட்டது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. நியாயம் பேசும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அது நீங்கள் நால்வரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டியது.

கணக்கு இப்படி வரும். பாட்டன் சொத்து 3.20 ஏக்கரை அப்பா, அண்ணன், நீங்கள், தம்பி என்று நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 80 சென்ட். அப்பாவின் 80 சென்ட் அவருக்குப் பின் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக 20 சென்ட் வீதம் வரும். ஆக அதில் உங்களுக்கு 1 ஏக்கர், அம்மாவுக்கு 20 சென்ட். அப்பா வாங்கிய 1.60 ஏக்கரில் நால்வருக்கும் தலா 40 சென்ட். மொத்தத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 1.40 ஏக்கர், அம்மாவுக்கு 60 சென்ட். கிணற்றில் பாகம், மோட்டார், மின் இணைப்பு, வண்டித்தடம் எல்லாம் இதே கணக்கில் கூடவே வரும். நகலின் சொத்து விவரத்தில் “கிணற்றில் பொதுவில் உள்ள பாகமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும் சேர்ந்து” என்று இருக்கிறது, கவனித்தீர்களா? பூமியை மட்டும் விடுகிறோம் என்று நினைத்துக் கையெழுத்து போட்டால் தண்ணீரும் தடமும் சேர்ந்தே போகும்.

அந்தக் கணக்குப்படி உங்கள் கையெழுத்தும் அம்மாவின் கையெழுத்தும் சேர்ந்தால் 2 ஏக்கர் அண்ணன் பெயருக்குப் போகிறது. அவருக்கு 3.40, மண்ணில் இறங்கிப் பாடுபடுகிற தம்பிக்கு 1.40. இதைத் தம்பிக்குத் தெரியாமல் செய்ய நீங்கள் விரும்புகிறீர்களா? நீங்கள் கடிதத்தில் தம்பியைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2011 கையெழுத்தும் மூன்று வருடக் கதையும்

அந்த 20 ரூபாய் பத்திரம் பதிவாகவில்லை. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை விடுவதற்குப் பதிவு கட்டாயம். அதனால் பாட்டன் சொத்தில் உங்களுக்குப் பிறப்பிலேயே வந்த பங்கு அந்தத் தாளால் போகவில்லை. அப்பா வாங்கிய நிலத்தைப் பொறுத்தவரை, அன்று அவர் உயிரோடு இருந்தார். உங்களுக்கு அதில் எந்த உரிமையும் அப்போது இல்லை. நாளை வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பை விடுதலை செய்ய முடியாது என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 6-வது பிரிவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. அன்று அந்தப் பங்குக்கு ஈடாகப் பெரிய தொகை வாங்கிக்கொண்டு, அதை நம்பி மற்றவர்கள் நடந்திருந்தால், வாங்கியதை வைத்துக்கொண்டு இப்போது மாற்றிப் பேச முடியாது என்று நீதிமன்றம் சொல்லக்கூடும். அப்படி ஏதும் வாங்கியிருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்று வருடத்துக்குள் ரத்து செய்துகொள்ளலாம் என்று சொன்ன பத்திரம் எழுதுபவர் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை விட்டுவிட்டார். பிடிக்காத சேலையைக் கடையில் மாற்றிக்கொள்வது போன்ற சலுகை அல்ல அது. ஏமாற்றியோ மிரட்டியோ எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடுவதற்கு, அந்த உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போட்டால் ஏமாற்றப்பட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். படிக்கத் தெரிந்தவர், சார்பதிவாளர் முன் நின்றவர், போட்டோவும் கைரேகையும் கொடுத்தவர், “மனப்பூர்வமாய் சம்மதித்து” என்று எழுதியதன் கீழே கையெழுத்திட்டவர். இதை எல்லாம் தாண்டி நிரூபிக்க வேண்டும். “மனசு மாறிவிட்டது” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நீங்கள் மட்டும் போய் ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதிவதும் செல்லாது.

இதோடு சேர்த்து இன்னொன்று. நகலில் “ரூ.1,00,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு” என்று இருக்கிறது. நீங்கள் ஒரு பைசா வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவான விடுதலைக்குப் பணம் கைமாறியே ஆக வேண்டும் என்பதில்லை. அன்பின் பேரில் விடுவதாகவே எழுதலாம். வாங்காத பணத்தை வாங்கியதாக மட்டும் எழுதாதீர்கள். ‘சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது’ என்று பின்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பட்டா மாற்றத்துக்காக என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருந்தால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்கலாம். அதற்கு விடுதலை தேவையில்லை.

மகன் சொல்வது பற்றிச் சுருக்கமாக: உங்கள் பங்கு உங்களுடையது. அம்மா வழியில் பாட்டன் சொத்தில் அவருக்குப் பிறப்புரிமை கிடையாது, உங்களைத் தடுக்கும் அதிகாரமும் கிடையாது. அவர் யோசனை சொல்லலாம், நீங்கள் கேட்கலாம் கேட்காமலும் போகலாம்.

எதை விடுவது, யாருக்கு விடுவது

நிலம் வேண்டாம் என்கிறீர்கள். அதை நான் மதிக்கிறேன். பங்கு கேட்டே தீர வேண்டும் என்று உங்களைத் தூண்டிவிடுவது என் வேலை இல்லை. ஆனால் நிலத்தில் விடக்கூடியது ஒன்றல்ல, மூன்று. விளைச்சலை எடுத்துக்கொள்ளும் அனுபவம் ஒன்று. பார்த்துக்கொள்ளும், கையெழுத்துப் போடும் அதிகாரம் இன்னொன்று. உரிமை என்பது மூன்றாவது. அண்ணன் கேட்பது மூன்றாவது. அவருக்கு உண்மையிலேயே தேவைப்படுவது எது என்று பார்க்க வேண்டும்.

அனுபவத்தை மட்டும் விடுவது என்றால் நீங்கள் எதுவும் எழுத வேண்டியதே இல்லை. இத்தனை நாளும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. தம்பி உழுது, விளைவிப்பதை எடுத்துக்கொள்கிறார். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் அது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் கருதும். அதனால் நீங்கள் பேசாமல் இருப்பதாலேயே உரிமை போய்விடாது. அவர்கள் உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, உங்களை வெளியே தள்ளி, அதன் பிறகு 12 வருடம் நீங்கள் சும்மா இருந்தால்தான் ஆபத்து. வருஷத்துக்கு ஒரு மூட்டை தேங்காயோ அரிசியோ தோட்டத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிறதென்றால் அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அதிகாரத்தை விடுவது பவர் பத்திரம். பேங்க்கோ, மின்வாரியமோ, தாலுகா ஆபீஸோ அலைய உங்களால் முடியாது என்றால், அந்த வேலைகளுக்கு மட்டும் என்று வரையறுத்துக் கொடுக்கலாம். பொதுவாக அதை நீங்கள் ரத்து செய்ய முடியும், உங்கள் காலத்தோடு அது முடிந்தும் போகும். ஆனால் ‘விற்க, அடமானம் வைக்க’ என்ற அதிகாரம் அதில் நுழைந்துவிட்டால், ரத்து செய்வதற்குள் விற்றுவிட முடியும். பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பவரை நினைத்தபடி ரத்து செய்யவும் முடியாமல் போகலாம். இந்த விஷயத்தில் அண்ணனுக்குப் பவர் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

உரிமையையே விடுவது என்று முடிவு செய்தால், விட்டுக்கொடு என்ற சொல்லின் பின்பாதியைக் கவனியுங்கள். விட்டால் மட்டும் போதாது, யாருக்காவது கொடுத்தாக வேண்டும். அண்ணன் பெயரை மட்டும் எழுதினால் அண்ணனுக்குப் போகும். தம்பி பெயரை எழுதினால் தம்பிக்கு. இருவருக்கும் சமமாக என்றும் எழுதலாம், பாதியை வைத்துக்கொண்டு பாதியை விடுகிறேன் என்றும் எழுதலாம். சாளைக்குப் பக்கத்தில் ஒரு 10 சென்ட்டை உங்களுக்கென்று அளந்து ஒதுக்கிக்கொண்டு மீதியை விட்டாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. பிறந்த வீட்டு வாசல் வேண்டும் என்கிறவருக்கு அது ஒரு நல்ல வழி என்பது என் அபிப்பிராயம்.

அண்ணனின் கடனுக்கும் இதில் பதில் இருக்கிறது. கூட்டுச் சொத்தைத் தனியாக அடமானம் வைக்க பேங்க் ஒப்புக்கொள்ளாது என்பதால்தான் அவர் எல்லார் கையெழுத்தையும் தேடுகிறார். நால்வரும் சேர்ந்து ஒரே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, அவருடைய 1.40 ஏக்கரை அளந்து உட்பிரிவு செய்து கொடுத்துவிட்டால் அதை வைத்து அவர் கடன் வாங்கிக்கொள்ளலாம். அது போதாது என்றால், உங்கள் பங்கு எதற்காகப் பணயமாகிறது என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். “நீயும் சேர்ந்து அடமானத்தில் கையெழுத்து போடு” என்றால் உங்கள் நிலமும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. அது தெரிந்து செய்வது வேறு.

பாகப்பிரிவினையிலேயே யாருக்கு எத்தனை சென்ட், கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எந்த முறை, தடம் எத்தனை அடி, அம்மாவை யார் பார்ப்பது, கூடக்குறைய வரும் பங்குக்கு யார் யாருக்குப் பணம் தருவது எல்லாவற்றையும் எழுதிவிடலாம். சமபாகமாகத்தான் பிரிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வெளியாருக்குக் கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து மதிப்பில் 9 சதவீதம் ஆகும். குடும்பத்துக்குள் பாகம் பிரித்தாலும் விடுதலை எழுதினாலும் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ‘விடுதலைதான் மலிவு’ என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அம்மாவின் 60 சென்ட்

உங்கள் பங்கை விட எனக்குக் கவலை தருவது இதுதான். 79 வயதில், தன் பெயரில் இருக்கும் ஒரே சொத்தை ஒரு பிள்ளைக்கு எழுதிவிட்டு இன்னொரு பிள்ளையின் சாளையில் இருக்கப்போகிறார். யாரையும் தப்பாகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாடே தப்பு.

கிராமத்தில் ‘எழுதி வெச்சுட்டார்’, ‘எழுதிக் குடுத்துட்டார்’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். எழுதி வைப்பது உயில்: அம்மா இருக்கும் வரை சொத்து அம்மாவுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், பதிவு செய்யாமலும் செல்லும் (இரண்டு சாட்சிகள் கட்டாயம்). எழுதிக் கொடுப்பது செட்டில்மெண்டோ விடுதலையோ: அன்றே போய்விட்டது. அம்மாவுக்கு யாருக்காவது கொடுக்க ஆசை இருந்தால் உயில் எழுதச் சொல்லுங்கள்.

இல்லை, இப்போதே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், விடுதலை வேண்டாம்; செட்டில்மெண்டாக எழுதி, அதில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். தன் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தானே வைத்துக்கொள்வது ஒன்று. சாப்பாடு, மருத்துவம், இருப்பிடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில்தான் கொடுக்கிறேன் என்பது மற்றொன்று. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே செல்லாததாக அறிவிக்க வழி வைத்திருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் போதும். அம்மா இருக்கும் ஊருக்கு ஈரோடு கோட்டாட்சியர். மேல்முறையீடு கலெக்டரிடம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு முதியவர்கள் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே நின்றது. அதை நம்பி எழுதாமல் விட வேண்டாம். எழுதியிருந்தால் வாதமே வராது. உங்கள் அண்ணன் தயார் செய்திருக்கும் நகலில் இப்படி ஒரு வரியும் இல்லை.

இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் தம்பியிடம் பேசுங்கள். போனில் வேண்டாம், சாளைக்கே போய், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நகலைக் காட்டுங்கள். அப்புறம் அண்ணனிடம், “விட்டுக்கொடுக்க மாட்டேன்னு சொல்லலீங்ணா, நாலு பேரும் உக்காந்து ஒரே பத்திரமா எழுதிக்கலாம்” என்று சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால், சுளிக்கட்டும். கொஞ்ச நாள் பேச்சு வார்த்தை குறையலாம். அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்ற தங்கை மேல் ஒரு கையெழுத்துக்காக ஆயுசுக்கும் கோபமாக இருக்கிற அண்ணன்மாரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓரிருவரைப் பார்த்திருக்கிறேன், மறைக்கவில்லை.

பேசித் தீராவிட்டால் ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். வழக்குப் போடாமலேயே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் வைப்பார்கள். அங்கே சமரசம் ஆகி லோக் அதாலத்தில் எழுதிவிட்டால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே அங்கேயும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து.

ஒருவேளை எல்லாரும் வற்புறுத்தி உங்களை அந்த நாளில் சார்பதிவாளர் ஆபீஸ் வரை கூட்டிப் போய்விட்டாலும் பயப்பட வேண்டாம். பதிவுக்கு முன் அவர் உங்களைக் கூப்பிட்டு, இது உங்கள் கையெழுத்துத்தானா, எழுதியிருப்பது தெரியுமா என்று கேட்பார். பத்திரத்தில் கையெழுத்துப் போடாமலே அவர் முன் போய், “இதை நான் எழுதிக் கொடுக்கவில்லை” என்று சொன்னால் அவர் பதிய மறுத்தாக வேண்டும்; பதிவுச் சட்டத்தின் 35-வது பிரிவு அப்படி. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், போடவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் டீக்கடை பெஞ்சிலோ காருக்குள்ளோ தாள்களை நீட்டி “இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து” என்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அவர் கைரேகை வைப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுப் பத்திரத்தையும் உரக்க வாசித்துக் காட்டாமல் மையில் விரலைத் தொடக்கூடாது.